ஒரே ஒரு வாணலி வாங்குவதென்றால்: வார்ப்பிரும்பா, எவர்சில்வரா, நான்-ஸ்டிக்கா?

புது வீட்டுக்குக் குடிபோன வாரம் தங்கை போன் செய்தாள். "அக்கா, ஒரே ஒரு வாணலிதான் வாங்கப் போறேன். இரும்புதான் உடம்புக்கு நல்லதுன்னு ஒருத்தர் சொல்றாங்க. எவர்சில்வர்தான் பாதுகாப்புன்னு இன்னொருத்தர். நான்-ஸ்டிக் இல்லாம காலையில முட்டை போடவே முடியாதுன்னு மூணாவது ஆள். நான் எதை வாங்கட்டும்?"

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் பாத்திரத்தை யார் கழுவுவாங்க? உடனே கழுவுவாங்களா, தண்ணி ஊத்தி வெச்சுட்டுப் படுத்துடுவாங்களா?"

சம்பந்தமில்லாத கேள்விபோலத் தெரிந்தாலும், வாணலி விஷயத்தில் பாதி முடிவு அதில்தான் இருக்கிறது. மூன்றுமே நல்ல சமையலைத் தரக்கூடியவை. சமைத்து முடித்த பிறகு அவை நம்மிடம் எதிர்பார்க்கும் வேலைதான் வேறு வேறு. களைத்துப்போன ஒரு நாளில் அந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் வாங்கினால், எவ்வளவு உயர்ந்த வாணலியும் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும். என் சமையலறையிலேயே அப்படி ஒன்று ஒன்றரை வருஷம் கிடந்தது.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

கழுவுகிறவர் யார் என்பதோடு இன்னும் ஐந்து விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

- அடிக்கடி சமைப்பது என்ன? தக்காளி, எலுமிச்சை, வினிகர் சேரும் புளிப்பான சமையலா, வறுவல் பொரியலா, முட்டையும் மீனுமா?
- அடுப்பு எது? காஸா, இண்டக்‌ஷனா?
- கை எவ்வளவு எடையைத் தாங்கும்? வாணலியை ஒரு கையால் தூக்கிச் சாய்க்க வேண்டியிருக்குமா?
- எத்தனை வருஷம் உழைக்க வேண்டும்?
- சாப்பாட்டில் என்ன கலக்கிறது? வீட்டில் யாருக்காவது அதனால் பிரச்சினை வருமா?

இந்தக் கேள்விகளை மூன்று வாணலிகளிடமும் கேட்டால் பதில் இப்படி வரும். எவர்சில்வர் என்று நான் சொல்வது, நடுவில் அலுமினியம் வைத்த மூன்றடுக்கு வகையை. மெல்லிய ஒற்றைத் தகட்டு எவர்சில்வர் வேறு ரகம். காரணத்தை அந்தப் பகுதியில் சொல்கிறேன்.

| | வார்ப்பிரும்பு | மூன்றடுக்கு எவர்சில்வர் | நான்-ஸ்டிக் |
|---|---|---|---|
| எடை (25 செ.மீ. அகலம்) | 2 கிலோவுக்கு மேல் | நடுத்தரம் | பெரும்பாலும் லேசு |
| சூடு | மெதுவாக ஏறும், நெடுநேரம் நிற்கும் | சீக்கிரம் ஏறும், சீராகப் பரவும் | சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும் |
| புளிப்பான சமையல் | நேரமானால் ஆகாது | தாராளமாக | ஆகும் |
| முட்டை, மீன் | நன்றாகப் பழகிய பிறகு ஒட்டாது | சூடு சரியாக இருந்தால்தான் ஒட்டாது | முதல் நாளிலிருந்தே ஒட்டாது |
| அதிகச் சூடு | தாங்கும் | தாங்கும் | ஆகாது |
| ஊற வைக்கலாமா | கூடாது | வைக்கலாம் | வைக்கலாம், தேவைப்படாது |
| இண்டக்‌ஷன் | வேலை செய்யும் | காந்தம் ஒட்டினால் வேலை செய்யும் | அடியில் எஃகுத் தகடு இருந்தால் மட்டும் |
| ஆயுள் | தலைமுறைகள் | பல பத்தாண்டுகள் | சில வருஷங்கள் |

## வார்ப்பிரும்பு

இரும்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: அது சூட்டைச் சமமாகப் பரப்பும் என்று. உண்மை நேர்மாறானது. வெப்பம் கடத்துவதில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமானது. சிறிய பர்னரில் பெரிய இரும்பு வாணலியை வைத்துப் பாருங்கள்: நடுவில் வெங்காயம் கருகும், ஓரத்தில் பச்சையாகவே கிடக்கும். இரும்பின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கனமாக இருப்பதால் வாங்கிய சூட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த மீன் துண்டுகளைப் போட்டதும் லேசான வாணலி சூடிறங்கிவிடும், மீன் தண்ணீர் விட ஆரம்பிக்கும். இரும்பு அசராது, மேல்தோல் மொறுமொறுவென்று சிவக்கும். இதற்காகச் சின்னத் தீயில் ஐந்து முதல் பத்து நிமிடம் முன்னதாகவே சூடேற்ற வேண்டும். அவசரக் காலையில் அந்தப் பத்து நிமிடமும் ஒரு செலவுதான்.

அப்புறம், பழக்குவது. எண்ணெயை மெல்லிதாகப் பூசிச் சூடேற்றும்போது அது இரும்பின் மேல் இறுகி, கெட்டியான படலமாக மாறுகிறது. ஒட்டாமல் இருப்பதும் துருப்பிடிக்காமல் இருப்பதும் அந்தப் படலத்தால்தான். முதல்முறை நான் ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றித் தேய்த்துச் சூடேற்றினேன். ஆறிய பிறகு தொட்டால் பசைபோல விரலில் ஒட்டியது. முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. சரியான அளவு நாலைந்து சொட்டுதான். துணியால் எங்கும் பூசிய பின், வேறொரு உலர்ந்த துணியால் பூசியதை எல்லாம் துடைத்தெடுப்பதுபோல அழுத்தித் துடைக்க வேண்டும். எண்ணெய் இருப்பதே தெரியக் கூடாது. பிறகு மிதமான தீயில் லேசாகப் புகை வரும்வரை வைத்து, அணைத்து, ஆறவிட வேண்டும். இதையே மூன்று நான்கு முறை செய்தால் சாம்பல் நிறம் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகும். முதல் சில வாரங்களுக்கு எண்ணெய் தாராளமாகப் பிடிக்கும் சமையலையே அதில் செய்யுங்கள். முட்டையைக் கொஞ்ச நாள் கழித்துப் போட்டுக்கொள்ளலாம்.

சோப்பு படவே கூடாது என்று சொல்வார்கள். பழைய காலக் காரச் சோப்பு படலத்தை அரித்துவிடும் என்பதால் வந்த பேச்சு அது. இப்போதைய பாத்திரம் கழுவும் திரவத்தில் கொஞ்சம் தொட்டுக் கழுவினால் ஒன்றும் ஆகாது. இரும்புக்கு உண்மையான எதிரி ஈரம்தான். கழுவியதும் துடைத்து, ஒரு நிமிடம் அடுப்பில் வைத்துக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஒரே ஒரு இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் செம்பழுப்பாகத் துரு படிந்திருக்கும்.

உடல்நலக் கணக்கைப் பார்ப்போம். இரும்பு வாணலியில் சமைத்தால் சாப்பாட்டில் இரும்புச்சத்து கூடுகிறது என்பது மெய்தான். புளிப்பும் ஈரமும் கூடுதலாக இருந்தால், நேரமும் நீண்டால், அதிகமாகக் கலக்கும். எத்தியோப்பியாவில் சிறு குழந்தைகளிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், அலுமினியப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டவர்களைவிட இரும்புப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு ஹீமோகுளோபின் நன்றாக உயர்ந்திருந்தது. ஆனால் எவ்வளவு கலக்கிறது என்பது சமையலுக்குச் சமையல் மாறும். நன்றாகப் பழகிய வாணலி புதியதைவிடக் குறைவாகவே விடும். அதனால் இரத்தசோகைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வாணலியை நம்பக் கூடாது. இன்னொரு பக்கமும் உண்டு: ஹீமோகுரோமடோசிஸ், தலசீமியா போன்ற காரணங்களால் உடலில் இரும்பு தேங்குகிறவர்கள் வீட்டில் இருந்தால், வார்ப்பிரும்பு வாங்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டே ஆக வேண்டும்.

தக்காளியை அதில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் படலம் கரையும், நிறம் கறுக்கும், நாக்கில் உலோகச் சுவை தட்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்க்கும் எலுமிச்சைச் சாறு பழகிய வாணலியை ஒன்றும் செய்யாது. சமைத்ததை அதிலேயே வைத்து மூடிவிடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எடையைக் கடைசியாகச் சொல்கிறேன் என்பதற்காக அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெறும் வாணலியே இரண்டு கிலோவுக்கு மேல். சமையலும் சேர்ந்தால் மூன்றரை கிலோ வரும். மணிக்கட்டு வலி உள்ளவர், மூட்டு வாதம் உள்ளவர், வயதான அம்மா, அப்பா யாராவது அன்றாடம் சமைக்கும் வீட்டில், சூடான மூன்றரை கிலோவைச் சாய்த்து ஊற்றுவது ஆபத்து. என் அம்மாவுக்காகவே எங்கள் வீட்டில் இரும்பு பின்வாங்கியது. கண்ணாடி மேற்பரப்புள்ள இண்டக்‌ஷன் அடுப்பில் அதை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் நகர்த்த வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

யாருக்கு ஏற்றது: வறுவல், பொரியல், மீன், ரொட்டி வகைகளை அதிகம் செய்கிறவர்; சமைத்தவரே உடனே கழுவித் துடைத்து வைக்கும் வீடு; ஒருமுறை வாங்கி அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க நினைப்பவர்.

## எவர்சில்வர்

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால், அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். கீறினாலும் படலம் தானாகவே மறுபடி உண்டாகிவிடும். பழக்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம், புளிப்புக்குப் பயப்பட வேண்டாம். பாத்திரத்தில் 18/10 என்று பொறித்திருந்தால் 18 சதவீதம் குரோமியம், 10 சதவீதம் நிக்கல் என்று பொருள்.

இதன் பலவீனம், வெப்பத்தை மிக மோசமாகக் கடத்துவது. இந்த விஷயத்தில் வார்ப்பிரும்பே இதைவிட மேல். அதனால்தான் மெல்லிய ஒற்றைத் தகட்டு வாணலியில் தீப்பட்ட இடம் மட்டும் வட்டமாகக் கருகி அடிபிடிக்கிறது. "எவர்சில்வரில் சமைச்சா ஒட்டும்" என்று அலுத்துக்கொள்கிறவர்களில் பலரிடம் இருப்பது இந்த மெல்லிய வகைதான். நடுவில் அலுமினியம் வைத்த மூன்றடுக்கு வகை வாங்குங்கள். அந்த அலுமினியம் அடியில் மட்டும் ஒட்டியிருக்கிறதா, பக்கச் சுவர் முழுக்க ஏறுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். குழிவான வாணலிக்குச் சுவர்வரை ஏறுவதுதான் நல்லது. இல்லாவிட்டால் அடிக்கு மேலே ஓரமாக ஒரு கருகிய வளையம் விழும். விலையும் அதற்கேற்ப ஏறும். இந்த வகையின் பெரிய செலவு அந்த ஒருமுறைச் செலவுதான்.

ஒட்டாமல் சமைப்பதற்கு ஒரு பழக்கம் வர வேண்டும். காலி வாணலியை மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சொர்ரென்று பரவிக் கொதித்து மறைந்தால் சூடு போதாது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தெளித்தால், அதே சொட்டு பாதரசம்போல உருண்டையாகி வாணலிக்குள் சறுக்கி ஓடும். தனக்கடியில் உண்டாகும் ஆவியின் மேல் அது மிதக்கிறது. 1756இல் இதை விவரித்து எழுதிய லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரால்தான் இன்றும் இதைக் குறிப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் தீயைக் குறைத்து, தண்ணீரைத் துடைத்துவிட்டு, எண்ணெய் ஊற்றி, எண்ணெய் நெளிந்து ஓடும்போது மீனைப் போடுங்கள். போட்டதும் ஒட்டத்தான் செய்யும். பயந்து கரண்டியால் கிண்டாமல் விட்டால், அடிப்பக்கம் சிவந்ததும் அதுவே விட்டுக்கொடுக்கும். முட்டைக்கு இன்னும் சற்றுச் சூட்டைத் தணித்து, எண்ணெய் கூடுதலாக வேண்டும். எண்ணெயைக் குறைக்க வேண்டியவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடியில் ஒட்டிய சிவந்த பிசிறுகளைக் குறையாக நினைக்க வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரண்டியால் சுரண்டினால் அது அப்படியே குழம்புக்குச் சாரமாக இறங்கும். நான்-ஸ்டிக்கில் இது கிடைக்காது.

பராமரிப்பில் சொல்ல அதிகம் இல்லை. கருகினால் தண்ணீரும் சமையல் சோடாவும் போட்டுக் கொதிக்கவிட்டால் பெயர்ந்து வரும். வானவில் நிறம் படர்ந்தால் வினிகர் துடைத்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் உப்பைப் போட்டு அடுப்பில் வைக்காதீர்கள். அடியில் தங்கும் உப்பு சின்னச் சின்னக் குழிகளை அரித்துவிடும். தண்ணீர் சூடேறிய பிறகு போட்டுக் கலக்கிவிட்டால் போதும்.

நிக்கல் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. புளிப்பான சமையல் நெடுநேரம் கொதிக்கும்போது, அதுவும் பாத்திரம் புதிதாக இருக்கையில், நிக்கல் கொஞ்சம் கலக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த அது குறையும். மற்றவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

யாருக்கு ஏற்றது: எல்லா வகைச் சமையலும் ஒரே வாணலியில் நடக்கும் வீடு, புளிப்பு அதிகம் சேர்ப்பவர், ஆளுக்கு ஆள் மாறி மாறிச் சமைக்கும், ஆளுக்கொரு விதமாகக் கழுவும் வீடு.

## நான்-ஸ்டிக்

இதில் நாம் வாங்குவது ஒரு பூச்சை. அடியில் இருக்கும் அலுமினியம் அந்தப் பூச்சைச் சுமக்கும் தாங்கி மட்டும்தான். பூச்சு போனால் வாணலியும் போனதுபோலத்தான். கவனமாக வைத்துக்கொண்டாலும் அன்றாடப் பயன்பாட்டில் சில வருஷங்களில் அது தேய்ந்துவிடும். இதை ஏற்றுக்கொண்டு வாங்கினால் மனக்கசப்பு இருக்காது.

பூச்சின் வேதிப்பெயரைச் சுருக்கி பி.டி.எஃப்.இ. என்பார்கள். 1938இல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்தது. அது வாணலிக்கு வந்தது 1950களில், பிரான்சில். இதில் முட்டை போடுவது யாருக்கும் முதல் நாளே கைவரும். எண்ணெயை வெகுவாகக் குறைக்கலாம்; கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கும் வீட்டில் இது உண்மையான நன்மை.

இதைப் பற்றிய பயங்களில் எது மெய், எது மிகை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் பயம், உதிரும் துணுக்கு. பி.டி.எஃப்.இ. உடலுக்குள் எதனோடும் வினைபுரியாது. ஒரு துணுக்கு வயிற்றுக்குள் போனால் அப்படியே வெளியேறிவிடும். பூச்சு உரிந்த வாணலியை மாற்ற வேண்டியதுதான், ஆனால் ஒருவேளை சாப்பிட்டுவிட்டோமே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருள். பூச்சைத் தயாரிக்கும் வேலையில் முன்பு பயன்பட்டது. 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்காவின் பெரிய தயாரிப்பாளர்கள் 2015க்குள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே அது இல்லை என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். பழைய காலத்து வாணலி இன்னும் புழக்கத்தில் இருந்தால், பூச்சு நைந்திருக்கும், மாற்றிவிடுங்கள். பி.டி.எஃப்.இ.யும் பி.எஃப்.ஓ.ஏ.வும் சேர்ந்த வேதிக் குடும்பம் முழுவதும் மண்ணிலும் நீரிலும் மக்காமல் தங்குகிறது என்ற கவலை இன்னும் தீரவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2025 தொடக்கத்திலிருந்து இந்தக் குடும்பத்துப் பூச்சுள்ள சமையல் பாத்திரங்களின் விற்பனையைத் தடை செய்திருக்கிறது.

மூன்றாவது, அதிகச் சூடு. உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். சூடு ஏற ஏற நச்சுப்புகை கூடும். அதைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்து ஃப்ளூபோல காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். கூண்டுப் பறவைகளுக்கு அந்தப் புகை உயிரையே பறிக்கும். கிளி வளர்க்கிற வீட்டில் நான்-ஸ்டிக் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வாணலியில் எண்ணெய் இருந்தால், 260 டிகிரிக்கு முன்பே பெரும்பாலான எண்ணெய்கள் புகைந்து நம்மை எச்சரித்துவிடும். காலி வாணலிக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. போன் வந்ததென்று அடுத்த அறைக்குப் போய்த் திரும்புவதற்குள், பெரிய தீயில் இருக்கும் லேசான வாணலி அந்த எல்லையைத் தாண்டிவிடும். இண்டக்‌ஷனில் இன்னும் சீக்கிரம். எப்போதும் மிதமான தீ, எண்ணெயோ உணவோ உள்ளே போன பிறகுதான் அடுப்பு: இந்த இரண்டையும் வீட்டில் எல்லாரும் கடைப்பிடிக்க முடியாவிட்டால் இது உங்களுக்கான வாணலி இல்லை.

மறைந்திருக்கும் செலவுகளும் இருக்கின்றன. மர அல்லது சிலிகான் கரண்டி தனியாக வேண்டும். அடுக்கி வைக்கும்போது நடுவில் துணி போட வேண்டும். ஸ்ப்ரே எண்ணெய் ஆகாது. அது விடும் பிசின் போன்ற படிவு கழுவினாலும் போகாமல் ஒட்டும் தன்மையைக் கொண்டுவந்துவிடும். ஆயுள் முடிந்ததை முட்டையே சொல்லும்: தினமும் ஒரே இடத்தில் ஓரம் பிடிக்க ஆரம்பித்தால் கிளம்பும் நேரம் வந்துவிட்டது.

செராமிக் பூச்சு என்று விற்பதும் பூச்சுதான், சிலிக்காவால் ஆனது. அதில் பி.டி.எஃப்.இ. இல்லை, சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் ஒட்டாத தன்மை இன்னும் விரைவாகவே போய்விடும்.

யாருக்கு ஏற்றது: முட்டை, மீன் போன்றவற்றைத் தினமும் செய்கிறவர், எண்ணெயைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டியவர், கையில் பலம் குறைந்தவர், இப்போதுதான் சமைக்கக் கற்றுக்கொள்கிறவர்.

## ஒன்றுதான் என்றால், இரண்டு என்றால்

ஒன்றுதான் என்றால் மூன்றடுக்கு எவர்சில்வர். புளிப்பும் ஆகும், பெரிய தீயும் ஆகும், ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுத் தூங்கினாலும் மன்னித்துவிடும். தங்கைக்கும் அதைத்தான் சொன்னேன். அவள் வீட்டில் இருவருமே வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள்.

இரண்டு என்றால், அதோடு சேர்ப்பது எது என்பதைக் காலை உணவு முடிவு செய்யட்டும். தினமும் முட்டையென்றால் ஒரு சின்ன நான்-ஸ்டிக், முட்டைக்கு மட்டும். ஒரே வேலைக்கு மிதமான தீயில் பயன்படுத்தினால் பூச்சும் கூடுதல் நாள் நிற்கும். மொறுமொறுப்பு பிடிக்கும், கையிலும் பலமிருக்கிறது என்றால் வார்ப்பிரும்பு.

புதிதாக வாங்குமுன் அலமாரியின் அடித்தட்டையும் ஒருமுறை பாருங்கள். துருப்பிடித்த இரும்பு வாணலி ஒன்று அங்கே கிடந்தால் அது இன்னும் செத்துப்போகவில்லை. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊற்றி வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துக் கம்பி நாரால் தேய்த்துப் பார்க்க வேண்டும். துரு விட்டதும் உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வினிகர் இரும்பையே அரிக்கத் தொடங்கும். நன்றாகக் கழுவி, துடைத்து, அடுப்பில் காயவைத்து, அந்த நாலைந்து சொட்டு எண்ணெயிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். விரிசல் மட்டும் இருக்கக் கூடாது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: நல்ல வாணலி மணிபோலக் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் தரும்.